பழந்தமிழ் நடையில் புதுமை கண்ட பரிதிமாற் கலைஞர்

ஒரு காலத்து வழங்கிய சொல்லும் நடையும் பிற்காலத்தார் செவிக்கு விந்தையாகவும், சிலவேளை நகைப்பிற்குரியனவாகவும் தோன்றுதல் இயல்பு. 'ஈண்டு', 'ஞான்று' என்னும் சொற்களைக் கேட்ட அளவில் மாணவர் முறுவலிப்பதை நாம் அறிவோம். அத்தகைய பழஞ்சொற்களைக் கொண்டே புதிய இலக்கியம் படைக்க முனைந்த சான்றோர் ஒருவரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

தோற்றமும் கல்வியும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார் சூரியநாராயண சாஸ்திரியார். தந்தையாரிடம் வடமொழியும், சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1892இல் இளங்கலைத் தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றார். கல்லூரி முதல்வர் மில்லர் தத்துவத்துறைக்கு அழைத்தும், தமிழாசிரியப் பணியையே விரும்பி ஏற்றார் என்பர். ஆர்வமிக்க மாணவரை 'இயற்றமிழ் மாணவர்' எனப் பெயரிட்டு, இல்லத்திலும் ஊதியமின்றிக் கற்பித்தார்.

பழைய நடையும் புதிய வடிவமும்

'மானவிசயம்' என்னும் நாடகத்தில் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வரலாற்றை அகவல் நடையில் அமைத்தார். பண்டை மாந்தர் பண்டை மொழியிலேயே உரையாடுதல் பொருத்தமன்றோ! 'மதிவாணன்' என்னும் புனைகதையையும் பழஞ்செந்தமிழ் நடையிலேயே யாத்தார். ஆங்கிலத்தின் பதினான்கடிப் பாடல் வடிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும் அவரே. அப்பாடல்கள் அடங்கிய 'தனிப்பாசுரத் தொகை'க்கு ஆசிரியர் பெயரை மறைத்து, உண்மை மதிப்பீட்டை அறிதற்பொருட்டுத் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கி வெளியிட்டார். ஒரு நூலுக்கெனப் புனைந்த பெயரே இன்று உலகறிந்த பெயராயிற்று.

எனினும் 'ரூபாவதி', 'கலாவதி' என்று தம் நாடகங்கட்குப் பெயரிட்டவரும் அவரே. ஆதலின் வடமொழி வெறுப்பு அவரைத் தூண்டிற்று எனல் பொருந்தாது. பழந்தமிழ் செத்த மொழியன்று. புதுப்பொருளையும் தாங்கவல்லது என்று நிறுவுவதே அவர் நோக்கம் என நாம் கருதுகிறோம். தமிழ்ப் புனைகதை அவர் காட்டிய நடையிற் செல்லாது எளிய வழக்கையே தழுவிற்று என்பதும் உண்மை. ஆயினும் தமிழை உயர்தனிச் செம்மொழி என அவர் நாட்டிய கருத்து நிலைத்தது. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது.

தொண்டும் மறைவும்

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901இல் தோன்றியபோது அவர் துணைநின்றார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை விலக்கும் முயற்சி 1902இல் எழுந்தபோது, பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனைத் தடுக்கப் பாடுபட்டார். அம்முயற்சி வென்றிருப்பின் இன்று நம் துறைகளின் நிலை யாதாகும்? என்புருக்கி நோய் பற்ற, 1903 நவம்பர் 2ஆம் நாள், 33ஆம் அகவையில் மறைந்தார்.

அந்தணர் குலத்துதித்து, கிறித்தவர் நிறுவிய கல்லூரியில் தமிழ் வளர்த்தவர் அவர். மொழி அனைவர்க்கும் பொது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பழனிமலைப் போளூர் போன்ற சிற்றூர்களிலிருந்து வரும் மாணவரும், பாட்டன் பாட்டியர் வழங்கும் சொற்களைக் கூச்சத்தால் மறைத்தல் வேண்டா. அவற்றைக் கேட்டுக் குறித்து வையுங்கள். முதியோரோடு மறைந்துபோன சொல்லை எந்த அகராதியும் மீட்டுத் தராது.