கானுயிர் கண்ட கண்: மா. கிருஷ்ணன்

தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகிய அ. மாதவையாவின் மக்கள் எண்மர். அவர்களுள் கடைக்குட்டியாக 1912 ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் தோன்றியவர் மா. கிருஷ்ணன். நம் நாட்டில் கானுயிர்ப் படக்கலைக்கு வழிவகுத்த அப்பெருமகனாரின் கண்ணைத் திறந்தவை மூன்று: ஒரு வீடு, ஒரு புதர்வெளி, ஓர் ஆசிரியர்.

குடும்பம் மயிலாப்பூரில் வாழ்ந்தது. அந்நாளில் அங்கே புதர் மண்டிய வெளிகள் இருந்தன, நரிகள் திரிந்தன, பறவைகள் மிகுந்திருந்தன. சிறுவன் கீரிப்பிள்ளை வளர்த்தான். வீட்டிலோ நூல்களும் தமிழ்ப் பேச்சும் நிறைந்திருந்தன. 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டுமென வாதாடி அமர்ந்த மாதவையா அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். மகனுக்கு அப்போது வயது 13. தமக்கை லட்சுமி அவரை வளர்த்தார்.

1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் பைசன், மாணவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உடனழைத்துச் சென்றார். இலையின் நரம்பையும் இதழின் மடிப்பையும் நின்று நோக்கும் பயிற்சி அங்கே வாய்த்தது. பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னாளில் படக்கருவியை ஏந்திய கை, முதலில் தூரிகை ஏந்திய கையே.

சட்டமும் பயின்றார், அதில் மனம் செல்லவில்லை. 1942 முதல் 1949 வரை சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகள் ஆற்றினார். அங்கிருந்த மலைக்காடுகளே அவருக்கு இரண்டாம் கல்லூரியாயின. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையுமே வாழ்வாகக் கொண்டார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 தொடங்கி 46 ஆண்டுகள் இயற்கைக் கட்டுரைகள் வரைந்தார்.

பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த கனத்த படக்கருவிக்குச் சூப்பர் பாண்டெரோசா என விளையாட்டாய்ப் பெயரிட்டார். வண்ணத்தை நாடாது, கறுப்பு வெள்ளையிலேயே யானையையும் காட்டெருதையும் பதிந்தார். தீபகற்ப இந்தியாவின் பெருவிலங்குகளைக் குறித்த அவரது ஆய்வு 1975இல் நூலாயிற்று. பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

ஆங்கிலத்தால் புகழ் பெற்றபோதும் தந்தையின் மொழியை அவர் கைவிடவில்லை. இயற்கைக் கட்டுரைகளோடு, கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலையும் தமிழில் எழுதினார். அவர் மறைவுக்குப்பின், தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாகத் தொகுத்தளித்தார்.

1996 பிப்ரவரி 18ஆம் நாள் அக்கண்கள் மூடின. வெம்பாக்கத்துப் பட்டுத்தறியில் அமர்ந்தவர் அறுந்த ஓரிழையைக் கண்டுகொள்வதுபோல், வெறும் பறவை என்று ஒதுக்காமல், இன்ன பறவை என்று கண்டு சொன்னவர் அவர். சங்கப் புலவர்க்கு இருந்த அப்பார்வை இன்று பாட்டெழுதுவோர்க்கும் வாய்க்குமாயின், அவர் இட்ட விளக்கு அணையாது.