ஆராய்ந்து தெளிந்த அறிஞர் கோவூர்

பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டிற் குடியேறி, அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு, அங்குள்ள மக்கட்கு அறிவுத் தொண்டு புரிந்து புகழ் பெற்றோர் சிலர். அத்தகையோர் வரலாறு, கன்னட நாட்டில் வாழும் நம்மனோர்க்குத் தனி உவகை தருவது. அவ்வகையில், திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்து, 1978ஆம் ஆண்டில் மறைந்த ஆபிரகாம் கோவூர் என்னும் பெரியாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் சங்கக் குடும்பத்தார் முன் வைக்கின்றோம்.

கோவூர் என்றதும் தமிழன்பர்கட்குச் சங்கப் புலவர் கோவூர்கிழார் நினைவுக்கு வருதல் இயல்பு. மலையமான் மக்களை யானைக் காலில் இடத் துணிந்த சோழனிடம் அஞ்சாது சென்று, அச்சிறுவரை உயிர் பிழைப்பித்தவர் அவர். நாம் கூற வந்த கோவூரார் மலையாள நாட்டினர். கோவூர் என்பது அவர்தம் குடும்பப் பெயர். எனினும், வலியோர் முன் அஞ்சாது நின்று எளியோர்க்குத் துணை செய்தலில் இருவரும் ஒத்தவரே எனலாம்.

இவரை ஈண்டுத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புவரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தமையால், தமிழோடு பழந்தொடர்பு உடையதும் ஆகும். ஆயினும், வெளியூர்களில் நம் ஊர்ப் பெயரைக் கூறினால், கேட்போருட் சிலர் பட்டை நினையாது மாந்திரீகத்தை நினைக்கின்றனர். செய்வினை, ஏவல், வசியம் தீர்ப்பதாகக் கூறுவோர் நம் ஊர்ப் பெயரை ஒரு முத்திரைபோல் தம் விளம்பரங்களிற் பொறித்துக்கொள்கின்றனர். இப்பழைய சரக்கோடு இப்பொழுது புதிய சரக்கு ஒன்றும் கடைக்கு வந்துளது. குவாண்டம் ஆற்றல் பெற்ற பதக்கம், குவாண்டம் முறையில் உணர்வை உயர்த்தும் பயிற்சி என்றெல்லாம் கூறி, படித்த குடும்பத்தாரிடமே பணம் பறிக்கின்றனர். பழையதற்கும் புதியதற்கும் ஒருங்கே மருந்தாவது கோவூரார் காட்டிய ஆராய்ச்சி நெறி.

அவர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் திருவல்லாவில் தோன்றினார். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையில் உயர்ந்த பொறுப்பு வகித்த குருவானவர். சமயச் சூழலில் வளர்ந்த இளைஞர், தம்பி பெகனானுடன் கல்கத்தாவுக்குச் சென்று, வங்கவாசி கல்லூரியில் உயிர் நூற்பாடங்களைப் பயின்றார். அக்காலத்து நிகழ்ச்சியொன்றை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால் கங்கை நீர் கொண்டு வருமாறு அயலார் வேண்டியிருந்தனர். சகோதரர்களோ வழியில் ஒரு ரயில் நிலையக் குழாயில் நீர் பிடித்துக் கொடுத்துவிட்டனர். அந்நீரை உட்கொண்டோர் தம் பிணிகள் நீங்கினவென்று மகிழ்ந்து கூறக் கேட்டு இளைஞர் வியந்தார். நோய் நீங்கியதாக அவர்கள் உணர்ந்தது பொய்யன்று. அதற்குக் காரணம் கங்கை என்பதே பொய். மனம் உடலின்மேற் செலுத்தும் ஆட்சியைப் பற்றி அவர் கற்ற முதற் பாடம் இதுவாகும்.

தம்பியாரும் இத்துறையிற் பெயர் பெற்றவரே. அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் உளநூல் பயின்ற அவர், யோகப் பயிற்சியைத் தாமே முறையாகக் கற்று, மூச்சையும் மன வேலையையும் கருவி கொண்டு அளந்து, 1937ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். பயிற்சியால் விளையும் அமைதியை அவர் மறுக்கவில்லை. அளவைக்கு எட்டாத பெருமைகளை அதன்மேல் ஏற்றவுமில்லை.

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியிற் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், 1928ஆம் ஆண்டில் கோவூரார் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரநூல் ஆசிரியராகச் சென்றார். அஃது மெதடிஸ்த திருச்சபையினர் நிறுவிய கல்லூரி. குருவானவர் மகனாதலின் விவிலியப் பாடத்தையும் அவரிடமே ஒப்படைத்தனர். மாணவர் அனைவரும் தேர்வில் நன்கு தேறினர். ஆனால், பாடத்தை வினாவி வினாவிக் கற்றதன் பயனாகப் பலர் ஐயுறவாளராயும் மாறினர். அடுத்த ஆண்டில் அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டதென்பர். பின்னர்க் காலி ரிச்மண்டு கல்லூரியிலும், கல்கிசை புனித தோமையார் கல்லூரியிலும், இறுதியாகக் கொழும்புத் தர்ஸ்டன் கல்லூரியிலும் பணியாற்றி, 1959ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் திருவல்லா. புலம் பெயர்ந்தோர் மனம் அறிந்த நமக்கு அப்பெயரின் பொருள் விளங்கும்.

ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய பெரும்பணி தொடங்கிற்று எனல் வேண்டும். 1960ஆம் ஆண்டு முதல் இறுதிவரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக விளங்கினார். பேய் உலவும் வீடு என்று எவரேனும் கூறின், அங்கே சென்று இரவு தங்குவார். கல் விழுகின்றது, துணி தானே எரிகின்றது, உணவில் மண் விழுகின்றது என்று அலறும் குடும்பங்கள் அவரை நாடி வந்தன. அவர் மந்திரம் ஓதவில்லை, நகைக்கவுமில்லை. வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அமைதியாக வினாவினார். தேவையாயின் அறிதுயிலில் ஆழ்த்தி மனத்தின் அடியிலுள்ளதைக் கேட்டறிந்தார். கல்லெறிந்த கை ஏதோ ஒரு மனிதக் கையாகவே முடிந்தது. பெரும்பாலும் அக்கை, வாய் திறந்து தன் துயரைக் கூற இயலாத ஒருவருடையது. மனத்துக்கு ஒவ்வாத மணம், வீட்டாரின் புறக்கணிப்பு, பொறுக்கலாகாத கண்டிப்பு ஆகியவை பேய் வடிவில் வெளிப்பட்டன.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பேயோட்டுவோன் அத்தகைய பெண்ணை வேப்பிலையாலும் பிரம்பாலும் அடிப்பான், துயர் இரட்டிக்கும். கோவூராரோ குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துத் தண்டிக்கச் செய்யாமல், துயரின் காரணத்தைக் களையுமாறு வீட்டாருக்கு அறிவுரை கூறினார். அவருடைய ஐயம் இரக்கத்தோடு கூடியது. இத்தகைய நோயாளர் வரலாறு ஒன்றினைத் தழுவி 1972ஆம் ஆண்டில் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்னும் திரைப்படமும், 1973ஆம் ஆண்டில் தமிழில் மறுபிறவி என்னும் திரைப்படமும் வெளிவந்தன. முத்துராமனும் மஞ்சுளாவும் நடித்த அப்படத்தை நம் மூத்தோர் சிலர் கண்டிருத்தல் கூடும்.

1963ஆம் ஆண்டில் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். தெய்வீக ஆற்றலோ மனோ சக்தியோ தமக்குண்டு எனக் கூறுவோர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அதனைச் செய்து காட்டினால், 1,00,000 இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். உறையிட்டு மூடிய பணத்தாளின் எண்ணைப் படித்தல், பிறர் எண்ணத்தை அறிதல், தியானத்தால் படைப்பறிவை வளர்த்தல், முற்பிறவியில் கற்றதாகக் கூறும் மொழியைப் பேசுதல், வெறும் நினைவால் திடப்பொருளை அசைத்தல் முதலியன அப்பட்டியலில் அடங்கும். சோதிடர்க்கும் வாய்ப்பளித்தார். பத்துப் பேருடைய பிறந்த நேரமும் இடமும் தரப்படும். அவருள் ஆண் எவர், பெண் எவர், உயிருடன் இருப்போர் எவர், இறந்தோர் எவர் என்று கூறினாற் போதும். விளையாட்டாக வருவோரைத் தவிர்க்க முன்பணமும் கேட்டார். அவர் மறையும்வரை அத்தொகையை எவரும் வென்றிலர்.

அவ்வறைகூவலின் சிறப்பு தொகையில் இல்லை, முறையில் உளது. எது நிகழ்ந்தால் வெற்றி, எது நிகழாவிடில் தோல்வி என்பதை இருவரும் முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்த பின் இலக்கை நகர்த்தலாகாது.

இம்முறை புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்னும் மருத்துவர், உயிர்க் காந்தம் ஒன்று உண்டென்றும், அதனைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகவும் கூறிப் பாரிஸ் நகரை மயக்கினார். 1784ஆம் ஆண்டில் மன்னர் அமைத்த குழுவில் பிராங்கிளினும் லவாசியேயும் இருந்தனர். நோயாளர் கண்களைக் கட்டி அக்குழுவினர் சோதித்தனர். காந்தம் செலுத்தப்படுவதாக நம்பியபோது, செலுத்தாவிடினும் உடல் நடுங்கிற்று. அறியாதபோது, செலுத்தியும் ஒன்றும் நிகழவில்லை. வேலை செய்தது காந்தமன்று, நம்பிக்கையே என்பது தெளிவாயிற்று. அக்காலத்தில் வியப்புக்குரிய விஞ்ஞானச் சொல் காந்தம். பின்னர் மின்சாரமும், அதன்பின் வானொலி அலையும் அவ்விடத்தைப் பெற்றன. நம் காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்திருப்பது குவாண்டம்.

குவாண்டம் இயற்பியல் 1900ஆம் ஆண்டில் பிளாங்க் என்பவரால் தொடங்கப்பெற்று, 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் முதலியோரால் உருப்பெற்ற உயர்ந்த கலை. டிரான்சிஸ்டரும் லேசரும் அதன் கொடைகள். எலக்ட்ரான் போன்ற நுண்துகளை அளந்தால், அளத்தலே அதன் நிலையை மாற்றிவிடும் என்பது அதன் கூற்றுகளுள் ஒன்று. இதனைப் பற்றிக்கொண்டு, காண்போன் மனமே உலகைப் படைக்கின்றது, ஆகவே உணர்வை உயர்த்தினால் நோயும் வறுமையும் நீங்கும் என்று சிலர் கூறத் தொடங்கினர். அளத்தல் என்பது இங்கே கருவியும் துகளும் ஒன்றோடொன்று தாக்குறுவதேயாகும். அறையில் ஒருவரும் இல்லாவிடினும் ஒளிப்படத் தகடு தன் வேலையைச் செய்யும். அளவையில் உணர்வுக்கும் பங்குண்டோ என 1961ஆம் ஆண்டில் எழுதிய விக்னர் என்னும் பேரறிஞரே பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். உணர்வு எவ்வாறு மூளையில் எழுகின்றது என்னும் வினா இன்றும் முற்றும் தீராதது. ஆனால், தீராத வினா இரண்டினை ஒன்றாகக் கட்டினால் விடை ஆகிவிடாது.

கோவூராரின் பட்டியலில் தியானமும் இருந்ததைக் கூறினோம். அக்காலத்தில் உலகெங்கும் பரவிய ஆழ்நிலைத் தியான இயக்கத்தார், பின்னாளில் தூய உணர்வும் இயற்பியலார் தேடும் ஒருமைப் புலமும் ஒன்றே என்று கூறினர். 1993ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஏறத்தாழ 4,000 பேர் கூடித் தியானம் செய்தனர். அதனால் வன்முறைக் குற்றம் குறையும் என்பது அவர்தம் கூற்று. அந்நாட்களில் கொலைகள் குறையவில்லை. தியானம் நிகழாதிருப்பின் குற்றம் இன்னும் மிகுந்திருக்கும் என்று கணக்கிட்டு, வெற்றி பெற்றதாக அவர்கள் அறிவித்துக்கொண்டனர். தியானத்தால் மனம் அமைதியுறலாம். அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால், அதன்மேல் இயற்பியலை ஏற்றியதும், இலக்கை நகர்த்தியதுமே குற்றம். கோவூராரின் விதியை நினைவிற் கொண்டோர் இங்கே மயங்கார்.

சொல்லின் மயக்கம் உடலுக்குத் தீங்கு செய்தலும் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்து நாட்டின் அணுப் பாதுகாப்புத் துறையினர், உடலைக் காப்பனவாக விற்கப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை கதிர்வீச்சு வெளியிடுவதைக் கண்டு, அணிதல் வேண்டாவென எச்சரித்தனர். அவற்றுள் குவாண்டம் என்னும் பெயர் பூண்ட கழுத்துப் பதக்கமும் இருந்தது. குழந்தைகட்கான காப்பும் இருந்தது. காப்பதற்கென வாங்கிய பொருளே கேடு செய்யுமாயின், ஆராயாது நம்புதலின் விலை யாதென நாம் உணரலாம்.

கோவூரார் மூளையின் தொழிலே மனம் என்றும், உடல் அழிந்தபின் அது தனித்து நில்லாதென்றும் துணிந்தவர். சமயப் பற்றுள்ள நம் குடும்பத்தார் பலர் அம்முடிவை ஏலாதிருக்கலாம். ஏற்றே ஆகவேண்டுமென நாமும் கூறவில்லை. தீமிதியை எடுத்துக்கொள்வோம். கொழும்பு மருத்துவ அறிஞர் கார்லோ பொன்சேகா அதனை ஆராய்ந்து 1971ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார். வெறுங்காலோடு நடந்து தடித்த பாதத்தோலும், கனலைத் தொடும் நேரத்தின் குறுமையுமே காரணம் எனக் கண்டார். இதனால் தீ மிதிப்போரின் பக்தி பொய்யாகிவிடாது. பக்தியைக் காட்டித் தனக்கு ஆற்றல் உண்டெனக் காசு கேட்போனின் கூற்றே பொய்யாகும்.

1978ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கோவூரார் மறைந்தார். கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவக் கல்லூரிக்கும், எலும்புக்கூடு தாம் பணியாற்றிய தர்ஸ்டன் கல்லூரிக்கும் சேரவேண்டுமென முன்னரே எழுதி வைத்திருந்தார். உயிரோடிருந்தபோது கற்பித்த ஆசிரியர், இறந்த பின்னும் மாணவர்க்குப் பாடமானார். அவர் விட்ட அறைகூவலைக் கோவை போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்தர் ஏற்று, 2009ஆம் ஆண்டில் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று நடத்தினார். நம் கன்னட நாட்டிலும், பெங்களூர்ப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயிருந்த இயற்பியல் அறிஞர் எச். நரசிம்மையா 1976ஆம் ஆண்டில் அற்புதங்களை ஆராயக் குழு அமைத்தார். காந்தியடிகள் வழியில் கதருடுத்து எளிமையாக வாழ்ந்தவர் அவர்.

நம் இல்லங்கட்கு இவ்வரலாறு தரும் பயன் மூன்று வினாக்களில் அடங்கும். இப்பொருள் அல்லது இப்பயிற்சி என்ன செய்யுமென முன்னரே தெளிவாகக் கூறுவாயா? செய்யாவிடில் தோல்வியை ஒப்புவாயா? உன்னைச் சாராத ஒருவர் சோதிக்க இடந்தருவாயா? வாயிலில் வந்து நிற்பவன் மாந்திரீகனாயினும், விஞ்ஞானச் சொல் பேசும் விற்பனையாளனாயினும், இம்மூன்றினையும் கேட்டுவிட்டுப் பின் பணப்பையைத் திறப்போமாக. நம் பிள்ளைகளுக்கும் இவற்றைக் கேட்கும் துணிவை ஊட்டுவோமாக. இல்லத்தில் ஒருவர் மனம் நொந்து நடுங்கும்போது, மந்திரவாதியைத் தேடி ஓடாமல், அருகமர்ந்து அவர் துயரைக் கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அங்ஙனம் செய்வோமாயின், கொள்ளேகால் என்றால் பட்டு என்று மட்டுமே பிறர் நினைக்கும் நாளும் வரும்.

வாழ்க கோவூரார் புகழ்!