சாமுவேல் கோல்ற்: உதிரிப்பாகங்களால் செல்வந்தரானவர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு உதிரிப்பாகத்தின் அருமை தெரியும். சைக்கிளிலோ தண்ணீர் இறைக்கும் இயந்திரத்திலோ ஒரு ஸ்பிறிங் உடைந்தால், பழைய இரும்பைத் தேடியெடுத்து, பட்டறையில் அரத்தால் அராவித்தான் பொருத்த வேண்டும். உடைந்த துண்டுக்குப் பதில் அதே அளவில் இன்னொரு துண்டு என்ற எண்ணத்தை வைத்து உலகெங்கும் றிவோல்வர் விற்ற சாமுவேல் கோல்ற் பற்றி வாசித்தபோது, எனக்கு அந்தப் பட்டறைகள்தான் நினைவுக்கு வந்தன.

1814 ஜூலை 19இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்த கோல்ற், சிறுவயதிலேயே தாயை இழந்தார். 1830இல் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வரை வந்தார். அந்தப் பயணத்தில் மரத்தால் செதுக்கிய மாதிரியில் இருந்தே அவருடைய றிவோல்வர் பிறந்தது என்பார்கள். ஊர் ஊராகச் சென்று சிரிப்பூட்டும் வாயுக் காட்சி நடத்திப் பணம் சேர்த்தார். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அதன் பொறிமுறை எளிது. சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போது ஒரு சிறு துண்டு உருளையைச் சுற்றும். இன்னொன்று அதை உரிய இடத்தில் பூட்டும். விசையை அழுத்தினால், கைபிடிக்குள் இருக்கும் தட்டை ஸ்பிறிங் சுத்தியலை முன்னே தள்ளும். ஸ்பிறிங் உடைந்தால் துவக்கு வெறும் இரும்பு.

அவருடைய முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. அவரைத் தூக்கிவிட்டது போர்தான். மெக்சிகோவுடனான போருக்காக 1847இல் அமெரிக்க அரசு 1000 றிவோல்வர்களை வாங்கியது. 1851இல் லண்டன் கண்காட்சியில் தன் துப்பாக்கிகளைக் காட்டினார். 1855இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

எந்தத் துண்டும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்பது அவருடைய விளம்பரம். உண்மையில் தொழிலாளர்கள் ஒவ்வொரு துண்டையும் அராவிப் பொருத்தி, துவக்கின் இலக்கத்தை அதில் பொறித்தார்கள். அதனால்தான் பழைய கோல்ற் ஒன்றுக்கு இன்று புது ஸ்பிறிங்கோ பூட்டுத் துண்டோ மாற்றுபவரும் அரத்தைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கிரிமியப் போர்க் காலத்தில் எதிரெதிராக நின்ற பிரித்தானியாவுக்கும் ரஷ்யாவுக்கும் விற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நெருங்கியபோதும் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் அவருடைய துப்பாக்கிகள் போயின. அந்தப் போர் நடந்துகொண்டிருக்கையில், 1862 ஜனவரி 10இல், 47 வயதில் பெரும் செல்வந்தராக இறந்தார். 1864இல் தொழிற்சாலை எரிந்தது. மனைவி எலிசபெத் அதைத் திரும்பக் கட்டினார்.

அவர் விற்ற துவக்கின் துண்டுகள் அத்தனைக்கும் மாற்று உண்டு. எங்கள் ஊர்களில் கால் இழந்தவர்களுக்கும் செயற்கைக் கால் உண்டு. ஆனால் ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. பிள்ளை வளர்ந்தால், உடல் மெலிந்தால், கால் தேய்ந்தால், திரும்பவும் போய் அளவு கொடுக்க வேண்டும். போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த அளவெடுப்பு முடியவில்லை.