பழ ஈ வளர்த்து நோபல் பரிசு பெற்ற முல்லர்

வலங்கைமான் கடைத்தெருவில் வாழைத்தார் தொங்குகிறது. பழம் கனிந்தால் போதும். எள்ளளவு ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்துக் கொள்ளும். கடைக்காரர் துண்டால் விரட்டுவார்.

இந்தப் பழ ஈயை வளர்த்துத்தான் ஓர் அமெரிக்க விஞ்ஞானி நோபல் பரிசு பெற்றார். அவர் பெயர் ஹெர்மன் முல்லர்.

தந்தையை இழந்த சிறுவன்

முல்லர் 1890-ம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். 9 வயதில் தந்தை இறந்து போனார். உதவித் தொகை பெற்றுக் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். ஓட்டலில் குமாஸ்தா வேலை பார்த்துக் கொண்டே படித்தார்.

அங்கே மார்கன் என்ற பேராசிரியர் பால் புட்டிகளில் பழ ஈ வளர்த்து வந்தார். தாய் தந்தையின் சாயல் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அந்தச் சாயலைக் கொண்டு வருவது மரபணு. மனிதரிடம் இதை ஆராய்ந்தால் ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். பழ ஈக்குப் பத்தே நாள்! முல்லரும் ஈ வளர்க்கத் தொடங்கினார்.

எக்ஸ்ரே செய்த மாயம்

மரபணு தானாக மாறுவது அபூர்வம். மனிதனால் அதை மாற்ற முடியுமா?

1926-ல் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் முல்லர் ஈக்கள் மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். அவற்றின் சந்ததியில் கண் மாறிய ஈ, சிறகு மாறிய ஈ என்று புதிது புதிதாகப் பிறந்தன. இயற்கையைவிடச் சுமார் 150 மடங்கு மாற்றம்! மறு ஆண்டு இதை வெளியிட்டார். விஞ்ஞான உலகம் வியந்தது.

நாடு நாடாக அலைந்தார்

1932-ல் முல்லர் ஜெர்மனி சென்றார். அடுத்த ஆண்டே ஹிட்லர் பதவிக்கு வந்தார். முல்லர் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே மரபணு என்பதே பொய் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. முல்லர் துணிந்து எதிர்த்தார். 1937-ல் வெளியேற நேர்ந்தது. 1940-ல் தாயகம் திரும்பினார்.

புகழுக்கு நடுவே எச்சரிக்கை

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மறு ஆண்டு, 1946-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முல்லர் அத்தோடு ஓய்ந்து விடவில்லை. கதிரால் வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை கெடுதலே. அந்தக் கெடுதல் பேரன் பேத்திக்கும் போகும். ஆகவே தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்காதீர்கள் என்று டாக்டர்களை எச்சரித்தார். 1955-ல் ஐன்ஸ்டீன் உள்பட 11 அறிஞர்கள் அணு ஆயுதப் போரின் ஆபத்தைச் சொல்லி அறிக்கை விட்டனர். அதில் முல்லரும் கையெழுத்திட்டார்.

1967-ல், 76-வது வயதில் காலமானார்.

வயலுக்கு வந்த கத்தரி

முல்லர் செய்தது இருட்டில் கல் எறிவது போன்றது. எந்த மரபணுவில் படும் என்று சொல்ல முடியாது. 2012-ல் கிரிஸ்பர் என்னும் நுண்ணிய கத்தரி வந்தது. இது குறி பார்த்து வெட்டுவது. அடுத்த ஆண்டே பழ ஈயின் மரபணுவை அதனால் திருத்தினார்கள்.

2025-ல் இந்தியா அறிவித்த கமலா என்ற நெல்லும் இந்த முறையில் வந்ததே. அதன் மூலம் சம்பா மசூரி. தஞ்சை வட்டாரத்தில் ஆந்திரா பொன்னி என்று நடுகிறார்களே, அதே நெல்தான்!

கத்தரி கூர்மையாகி விட்டது. அதைப் பிடிக்கும் கைக்கு நிதானம் வேண்டும். மரபணுவை முதலில் மாற்றிக் காட்டிய முல்லரே அதையும் முதலில் சொன்னார்.