வளைந்த பாதையில் வந்த வாழ்வு: அறிஞர் சித்திலெப்பை

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது பலாபத்வல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காடுகளைக் கடந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தது இந்த வடபாதை வழியேதான். பொதிமாடுகளை ஓட்டித் தவள வாணிபம் செய்த முஸ்லிம்களுக்கும் மலைநாட்டுப் பாதைகள் பழகியவையே. அவ்விரு சாராரின் வழிவந்த பிள்ளைகளும் இன்று மாத்தளை மாவட்டத்தில் சாதாரண தரமும் உயர் தரமும் எழுதிவிட்டு அடுத்து என்ன என்ற கேள்வியோடு நிற்கின்றனர். ஒரு துறையைத் தெரிந்து அதிலேயே நேராகச் சென்று சேர வேண்டும் என்பதே பெற்றோரின் எதிர்பார்ப்பு. நடுவழியில் துறை மாறுபவனை நிலையற்றவன் என்று பேசும் வழக்கம் நம் இரு சமூகங்களிலும் உண்டு.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அயல் நகரான கண்டியில் வாழ்ந்த முகம்மது காசிம் சித்திலெப்பையும் நிலையற்றவராகவே தோன்றுவார். புரொக்டர், நகரசபை உறுப்பினர், நீதவான், பத்திரிகாசிரியர், நாவலாசிரியர், பாடநூல் எழுதியவர், பாடசாலை நிறுவியவர், இறுதியில் சூபித்துவ ஞான நூலொன்றின் ஆசிரியர் எனப் பல வேடங்கள் அவருக்கு. ஆயினும் அறுபது வயதையும் எட்டாத அந்த வாழ்வை ஆராய்ந்தால், வெளியே வளைவாகத் தெரிவதற்குள் ஒரே நாட்டம் ஓடியதைக் காணலாம்.

1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி பிறந்தவர் அவர். தந்தையாரும் சட்டத்தொழில் புரிந்தவரே. மாத்தளைக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சித்திலெப்பை பத்து வயதுச் சிறுவர். ஆங்கில ஆட்சியின் வலிமையும், அதன் மொழியையும் சட்டத்தையும் அறியாதோரின் வலிமையின்மையும் கண்ணெதிரே தெரிந்த காலம் அது. அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்ற அவர் 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும், 1864இல் உயர் நீதிமன்றத்திலும் புரொக்டராகத் தொழில் புரியும் தகுதி பெற்றார். கண்டி மாநகரசபையில் அங்கம் வகித்ததுடன் நீதவானாகவும் கடமையாற்றினார். நல்ல வருவாயும் அரசாங்க மதிப்பும் இருந்தன. அத்துடன் அமைந்துவிட்டிருந்தால் கண்டியின் கனவான்களுள் ஒருவராக அவர் மறைந்திருப்பார். இன்று நாம் அவர் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்பட்டிராது.

எழுதப்படிக்கத் தெரியாமல் உறுதிப் பத்திரத்தில் அடையாளமிட்டுவிட்டுப் பின்னர் காணியை இழந்து நிற்பவனை, அக்காலத்தில் எந்தப் புரொக்டரும் காணாதிருந்திருக்க முடியாது. ஒரு வழக்கை வென்று கொடுத்தாலும் அவனுடைய அறியாமை அப்படியே இருக்கும். நீதிமன்றத்தில் கழிந்த அந்த ஆண்டுகளே சித்திலெப்பையைப் பாடசாலையின்பால் திருப்பின எனக் கருத இடமுண்டு. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரிதும் மிசனரிமார் கையில் இருந்தது. மதம் மாறிவிடுவார்களோ என்ற அச்சத்தால் முஸ்லிம்கள் பிள்ளைகளை அங்கு அனுப்பத் தயங்கினர். அதே கவலை இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தது 1880இல். இந்தியாவில், நீதித்துறையில் பதவி வகித்த சேர் செய்யித் அகமது கான் 1875இல் அலிகாரில் கல்விப் பணியைத் தொடங்கியிருந்தார். சித்திலெப்பை தம் சமூகம் பின்தங்கி நிற்பதைக் கண்டார்.

அவர் முதலில் கையிலெடுத்தது அச்சு யந்திரத்தை. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகை கண்டியிலிருந்து வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கோப்பி இலை நோயால் மலைநாட்டுப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த வேளை அது. பத்திரிகை தொடங்குவதற்கு உகந்த காலமென எந்தக் கணக்கரும் சொல்லியிருக்கமாட்டார். அடுத்த மாதமே, எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்து சேர்ந்தார். அவருடன் சித்திலெப்பை நெருங்கிய நட்புக் கொண்டார். உலக முஸ்லிம் நாடுகளின் நிலைமையும், கல்வியின் அவசியமும், பெண் கல்வியும் நேசனில் இடைவிடாது எழுதப்பட்டன. தமிழகம், சிங்கப்பூர், பினாங்கு வரை அதற்கு வாசகர் இருந்தனர்.

1885இல் அவர் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’, இலங்கையர் ஒருவர் தமிழில் எழுதிய முதல் நாவலாகக் கொள்ளப்படுகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. வேதநாயகம் பிள்ளையும் நீதித்துறையைச் சேர்ந்தவர் என்பது சுவையான ஒற்றுமை. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு இந்தியாவில் வளரும் ஒருவனின் கதையைத் தமிழில் சொன்ன இந்நூலுக்கு நமது இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியுடன் விடைகொடுத்துவிடுகின்றன. அது போதாது. முஸ்லிம்கள் யார், அவர்களின் இனம் எது என்ற விவாதம் சூடுபிடித்த காலம் அது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அதுபற்றி நிகழ்த்திய உரை ஏற்படுத்திய காயம் இரு சமூகங்களுக்குமிடையே நெடுங்காலம் ஆறவில்லை. சித்திலெப்பையோ தம் சமூகத்தின் தனித்துவத்தில் உறுதியாக நின்றுகொண்டே, தம் பத்திரிகையையும் நாவலையும் பாடநூல்களையும் தமிழில் எழுதினார். இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர் கருதியதாகத் தெரியவில்லை.

பாடசாலைப் பணி எளிதாக இருக்கவில்லை. 1884இல் கொழும்பில் தொடங்கிய முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று எதிர்த்தோர் சொந்தச் சமூகத்திலேயே இருந்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1891இல் கண்டியில் சொந்தச் செலவில் பெண்களுக்கான பாடசாலையொன்றை நிறுவி, தம் சகோதரி முத்து நாச்சியாவைத் தலைமையாசிரியை ஆக்கினார். ஊருக்கு உபதேசம் செய்தவர்கள் பலர். தம் வீட்டுப் பெண்ணை முன்னிறுத்தியவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

மறு ஆண்டு, 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி, மருதானையில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமியா தொடங்கப்பட்டது. ஒராபி பாஷாவின் ஆதரவும் வாப்பிச்சி மரைக்காரின் துணையும் இதற்குக் கிடைத்தன. மரைக்கார் கட்டடக் கலைஞர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். அதற்குப் பரிசாக என்ன வேண்டுமென்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் வேண்டினாராம். அத்தகைய மனிதர்களைத் தேடிச் சேர்ப்பதே சித்திலெப்பையின் திறமை எனலாம். கைக்கு வந்த ஒவ்வொரு தொழிலும் அவருக்கு அடுத்ததற்கான கருவியாயிற்று. சட்டம் அவருக்குப் பொருளையும் மதிப்பையும் தந்தது. பத்திரிகை வாசகரைத் தந்தது. அந்த வாசகரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோராயினர்.

1892இல் ‘ஞானதீபம்’ சஞ்சிகையையும், 1897இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் மெய்ஞ்ஞான நூலையும் வெளியிட்ட அவர், 1898 பெப்ரவரி 5ஆம் திகதி காலமானார். இலங்கை அரசு 1977இல் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

மருதானைப் பாடசாலை 1913இல் ஸாஹிராக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1948இல் அதன் அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கற்றவர் அவர்; சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் என்ற பெருமைக்குரிய பதவியை உதறிவிட்டே ஸாஹிராவுக்கு வந்தார். அவர் காலத்தில் அங்கு பயின்ற மாணவருள் ஒருவர், பின்னாளில் பேராசிரியர் ஆன கார்த்திகேசு சிவத்தம்பி. தாம் கற்ற அதே கல்லூரியில் அவர் பின்னர் ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.