கேட்டவர்களை அழவைத்த குரல்: கே.பி.சுந்தராம்பாள் யார்?

ஆடிக் கிருத்திகை அன்னைக்கு விடியற்காலை பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் கோயில் ஒலிபெருக்கி இருக்கும் தெருவில் குடியிருப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை. கனமான, கொஞ்சம் ஆண்மை கலந்த, அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும் ஒரு பெண் குரல் அப்பார்ட்மென்ட் ஐந்தாவது மாடி வரை வந்து எழுப்பிவிடும். 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்த வரும் ஔவையாரின் குரல் என்றால் எல்லாருக்கும் புரியும். பெயர் கேட்டால்தான் பலர் யோசிப்பார்கள்.

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக கேபிஎஸ். பிறந்தது 1908, மறைந்தது 1980. சினிமாவில் பார்த்த அந்தப் பாட்டியம்மா, அதற்குப் பல வருஷம் முன்பு தமிழ்நாட்டின் மிகப் பெரிய நாடக நட்சத்திரம். அவர் பாடினால் கொட்டகையே அழும். ஏன் அழுதார்கள் என்பது சுவாரசியமான கேள்வி. பதில் அவருடைய குரலில் மட்டும் இல்லை.

பசியில் தொடங்கிய மேடை

காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடி இன்றைக்கு ஈரோடு மாவட்டத்தில் வருகிறது. அப்பா சீக்கிரமே போய்ச் சேர, அம்மா பாலாம்பாள்தான் பிள்ளைகளை வளர்த்தார். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. சிறுமி சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகவும், அந்தக் குரல் ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி.நடேசய்யர் காதில் விழுந்ததாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். திருச்சி ரசிக ரஞ்சன சபாவை 1914ல் உருவாக்கியவர் இந்த நடேசய்யர். அவர் வழியாகத்தான் சுந்தராம்பாள் மேடை ஏறினார். அப்போது வயது பத்தை ஒட்டி இருக்கும்.

முதல் நாடகம் 'நல்லதங்காள்'. பெயர் பழையதாகத் தெரிந்தாலும், தமிழில் இதைவிடச் சோகமான ஒரு கதைப்பாடலைக் காட்டுவது கஷ்டம். பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி, பசியோடு வந்த பிள்ளைகளுக்குச் சோறு போடாமல், ஓட்டைச் சட்டியும் ஈர விறகும் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கடைசியில் நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்கு இன்றும் கோயில் இருக்கிறது.

அந்த ஏழு பேரில் மூத்த பையன் ஞானசேகரன். அந்த வேடம்தான் சுந்தராம்பாளுக்கு. பசிக்கிறது என்று அம்மாவிடம் கெஞ்சும் பாட்டு ஒன்று அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதை அவர் பாடப் பாட ரசிகர்கள் உருகிப்போனார்கள். ஒரே பாட்டில் பேர் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தாது வருஷப் பஞ்சம் என்று இன்னும் பேசப்படும் பெரும் பஞ்சம் நடந்தது 1876 முதல் 1878 வரை. மெட்ராஸ் மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்து பிழைத்தவருக்கு, சுந்தராம்பாள் மேடை ஏறிய காலத்தில் வயது ஐம்பதுதான் ஆகியிருக்கும். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் நிறைய பேருக்குப் பசியில் அழும் பிள்ளை என்பது கற்பனைக் கதை இல்லை. தங்கள் வீட்டிலேயே, தெருவிலேயே பார்த்தது. மேடையில் நின்ற பிள்ளைக்கும் அது நடிப்பு மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் பசியை அறிந்தவர்கள். அழுகை வராமல் என்ன செய்யும்?

பேச்சா, பாட்டா?

இன்னொரு காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. அன்றைய நாடகத்தில் மைக் கிடையாது. ராத்திரி தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயி, அழுத்தமான உச்சரிப்பு. சொல்லை விழுங்குகிற பாடகருக்கு அங்கே இடமே இல்லை.

அதோடு, சோகக் கட்டம் வந்தால் நாடகக்காரர்கள் கையில் எடுப்பது விருத்தம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. அதனால் பாடுபவர் ஒரு சொல்லை நீட்டலாம், நடுவில் நிறுத்தலாம், கிட்டத்தட்ட பேசுவது மாதிரி சொல்லிவிட்டுத் திடீரென்று மேலே ஏற்றலாம். நம் வீட்டு இழவில் பாட்டிகள் வைக்கும் ஒப்பாரியும் இதே மாதிரிதான். எங்கே பேச்சு முடிகிறது, எங்கே பாட்டு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கேபிஎஸ்ஸின் பலம் முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. ராகம் தெரிந்தவருக்கு அது கச்சேரி. தெரியாதவருக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு விட்டுப் பேசுவது மாதிரி. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்திருக்க அதிகம் பேரால் முடிவதில்லை.

கிட்டப்பா

இளம் வயதிலேயே இலங்கைக்குப் போய் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாதை அது. 1926ல் கொழும்பில் அவரோடு மேடை ஏறினார் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அன்றைய தேதியில் குரலுக்கு இன்னொரு பெயர் கிட்டப்பா. அவரோடு பாடினால் யாருமே எடுபட மாட்டார்கள் என்ற பேச்சு இருந்தது. சுந்தராம்பாள் எடுபட்டார். வள்ளியும் வேலனும் பாட்டிலேயே தர்க்கம் செய்யும் கட்டத்தில், ஒருவர் போட்ட சங்கதிக்கு இன்னொருவர் அந்த இடத்திலேயே பதில் போடுவார். எழுதிவைத்த வசனம் இல்லை. ரசிகர்கள் ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டு ஆட்டத்தை இழுப்பார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில்.

1927ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் பிராமணர், இவர் இல்லை. அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. இன்றைய வாசகருக்கு இது இடிக்கும். ஆனால் அன்று இந்து ஆண்கள் இரண்டாவது திருமணம் செய்துகொள்ளச் சட்டத் தடை ஏதும் இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் அந்தத் தடை வந்தது 1949ல்தான். சட்டம் அனுமதித்தாலும் வீடு அனுமதிக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. மனஸ்தாபம் வந்தது. பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடியும் பிரிந்தார்கள். அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சில் வந்தன. படித்தால், மேடையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்ட ஒரு பெண் ஒரே ஒரு ஆளிடம் பதில் வேண்டி எப்படிக் காத்திருந்தார் என்பது தெரியும். கோபம், கெஞ்சல், அக்கறை எல்லாம் ஒரே தாளில்.

கிட்டப்பாவைக் குடி அரித்துக்கொண்டிருந்தது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர், நெற்றியில் திருநீறு, கழுத்தில் ருத்ராட்சம். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை மாறவில்லை.

ரசிகர்கள் விடவில்லை

அவரை மேடையிலிருந்து போகவிட ரசிகர்களுக்கு மனமில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி உட்படப் பலர் வற்புறுத்தினார்கள். தம்பதியாக இருந்தபோதே கதர் கட்டித் தேசியப் பாட்டுகள் பாடியவர்கள்தான் இருவரும். சுந்தராம்பாள் மறுபடியும் வந்தார். 'நந்தனார்' நாடகத்தில், நந்தனாக. ஆண் வேடம். ஜோடி தேவையில்லை.

இப்போது கூட்டம் வேறு மாதிரி கேட்டது. சிதம்பரம் போக அனுமதி கேட்டு நந்தன் ஏங்குகிறான். பாடுவது கணவனை இழந்த இளம் பெண் என்பது உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். கதையின் ஏக்கத்தையும் பாடுபவரின் ஏக்கத்தையும் யாரும் பிரித்துக் கேட்கவில்லை. இதில் கொஞ்சம் கொடூரமும் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பெண்ணின் துக்கத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் அது. ஆனால் அவர் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கவில்லை. படமாக எடுக்கக் கேட்டு வந்தபோது அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935ல்! கேட்டவர் ஓடிப்போகட்டும் என்றே அந்தத் தொகையைச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஓடவில்லை, கொடுத்தார்கள்.

'பக்த நந்தனார்' படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். படம் வந்ததும் கல்கி எழுதிய விமர்சனம் பேர்போனது: பனைமரங்களும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற அளவுக்குக் கிண்டல். ஓரளவு நியாயமான கிண்டல்தான். கடைசி வரிசைக்காகப் பழகிய குரலும் உடம்பும் கேமராவுக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் திணறியிருக்கும்.

1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். மைதானத்தில் பாட்டு முடிந்ததும் பேச்சு. பாட்டுக்காக வந்த கூட்டம் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகும். சினிமாவும் அரசியலும் ஒட்டிக்கொண்டது பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிற பலர் 1950களிலிருந்து தொடங்குகிறார்கள். கேபிஎஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1951ல் அவர் மெட்ராஸ் சட்ட மேலவை உறுப்பினரானார். சட்டமன்றத்துக்குள் போன முதல் இந்திய சினிமா கலைஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஜோடி இல்லாத வேடங்கள்

அவருடைய சினிமா வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நந்தன், ஆண். 1940ல் மணிமேகலை, துறவி. 1953ல் ஜெமினி வாசன் தயாரித்த 'ஔவையார்', இளமையே வேண்டாம் என்று கிழவி உருவம் வாங்கிக்கொண்டவர். 1964ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1973ல் 'காரைக்கால் அம்மையார்', அழகை உதறிப் பேய் உருவம் கேட்டவர். கல்யாணத்துக்கு வெளியே நிற்கும் வேடங்கள்தான் எல்லாம். 1933ல் எடுத்த முடிவை நாற்பது வருஷம் கழித்தும் அவர் ஒவ்வொரு படத்திலும் கடைப்பிடித்துக்கொண்டே இருந்தார்.

'ஔவையார்' பெரிய வெற்றி. அதில் அவர் நடக்கிறார், பேசுகிறார், பேச்சு எப்போது பாட்டாகிறது என்று தெரிவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. ராஜாஜிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை என்று அவருடைய டைரி சொல்கிறது. கல்கிக்கு நந்தனார் பிடிக்கவில்லை, ராஜாஜிக்கு ஔவையார் பிடிக்கவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் வேறு முடிவில் இருந்தார்கள்.

1965ல் வந்த 'திருவிளையாடல்' அவரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனது. இயக்குநர் ஏ.பி.நாகராஜன் சின்ன வயசில் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். இந்தக் குரலை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறி நிற்கும் பிள்ளையிடம் ஒரு பாட்டி பேசுகிறாள். முதலில் பேச்சு. பிறகு அதே பேச்சு பாட்டாகிறது. கே.வி.மகாதேவனின் இசை முடிந்தவரை ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. அவருக்கு அப்போது வயது 56. இன்றைக்கு ஃபோனில் கண்ணில் படும் துணுக்குகளில் பெரும்பாலும் இந்தக் காட்சிதான்.

1969ல் வெளியான 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருதை முதலில் வாங்கிய பெண் பி.சுசீலா, இரண்டாவது கேபிஎஸ். 1970ல் பத்மஸ்ரீ. 'துணைவன்' படத்தில் குட்டி முருகனாக வந்து நிற்பது யார் தெரியுமா? ஸ்ரீதேவி. பள்ளிக்கூட வயதே ஆகாத பெண் குழந்தைக்குப் பையன் வேடம். நல்லதங்காளின் மூத்த மகனாக மேடை ஏறிய கொடுமுடிச் சிறுமிக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருந்தது.