‘கனம்’ கிருஷ்ணையர் யார்? பேருக்கு முன்னாடி அந்தப் பட்டம் வந்தது எப்படி?

பேண்டில் பாடிப் புகழ்பெற்றவர் ஒருநாள் வெளியே வந்து, மனசில் இருப்பதைத் தனி ஆல்பமா போடுவார் இல்லையா? ரெக்கார்டிங்கே இல்லாத 19-ஆம் நூற்றாண்டில், அரியலூர் பக்கம் கிட்டத்தட்ட அப்படி ஒருவர் இருந்தார்.

பட்டம் எப்படி வந்தது?

உடையார்பாளையம் பகுதியின் திருக்குன்றத்தில் பிறந்தவர் கிருஷ்ணையர். தஞ்சை அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவய்யா, அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பும் ‘கன மார்க்க’த்தில் பாடி அசத்தினார். உடம்பை வருத்தும் அந்த முறையைக் கற்க முன்வந்தவர் கிருஷ்ணையர். விடாமல் சாதகம் செய்து தேறினார். ‘கனம்’ பேரோடு ஒட்டிக்கொண்டது.

தனிப்பாட்டு எங்கே?

பின்னாளில் உடையார்பாளையம் ஜமீன் வித்துவான் ஆனார். ஜமீன்தார் கச்சி யுவரங்கர் கண்டுகொள்ளாமல் இருந்தபோது, அந்த வருத்தத்தைத் தலைவனுக்காக ஏங்கும் நாயகியின் பதமாக்கினார். பைரவி ராக ‘வேலவரே’ பதமும் அவருடையதுதான்.

நமக்குக் கிடைத்தது எப்படி?

உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் அவருடைய மாணவர். அரியலூர், இன்றைய பெரம்பலூர் மாவட்டக் குன்னம் என்று குடும்பம் ஊர் மாறினாலும், பாட்டை விடவில்லை. 1855-ல் பிறந்த உ.வே.சா., அப்பா வழியாகத் தெரிந்துகொண்டு கிருஷ்ணையர் வரலாற்றைப் புத்தகமாக்கினார். அந்தக் கனத்த குரலை இனி யாரும் கேட்க முடியாது. பதங்கள் மட்டும் இன்னும் மேடையில் இருக்கு.